பேப்பரா, இணையமா? எந்த வேலைக்கு என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: திருப்பூரில் நாற்பது மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்துகிறோம். ஆள் தேவைப்பட்டால் அப்பா ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரம் கொடுப்பார். இந்த முறை நான் பிடிவாதமாக இணையத்தில் மட்டும் போட்டேன். துணி வாங்கும் கம்பெனிகளிடம் பேசி ஆர்டரைக் கவனிக்க ஒரு மெர்ச்சண்டைசர், ஒரு அக்கவுண்டன்ட், எட்டு டெய்லர் வேண்டும். ஒரே வாரத்தில் இருநூறு விண்ணப்பத்துக்கு மேல் வந்தது. நேரில் வந்தவர்கள் ஐந்து பேர், சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. அப்பா தினமும் குத்திக்காட்டுகிறார். உண்மையில் எது பலன் தரும்?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அந்த இருநூறைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்பட்டதுதான் முதல் சிக்கல். போனில் ஒரு தட்டு தட்டினால் விண்ணப்பம் போய்விடும். பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் இருபது கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கூப்பிடும்போது "எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்பதும் அதனால்தான். பேப்பர் பார்த்துக் கூப்பிடுகிறவர் நம்பரைக் குறித்து வைத்து, நேரம் பார்த்துப் பேசுகிறார். அவர் பாதி முடிவு செய்துவிட்டவர். இந்த இரண்டு கூட்டத்தையும் தலை எண்ணி ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஒவ்வொரு வழியிலும் வந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். செலவை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். இருநூறு பேரை வடிகட்ட நீங்கள் செலவழித்த நேரத்துக்கும் ஒரு விலை போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பல சமயம் 'இலவச' விளம்பரம்தான் அதிகச் செலவு வைத்திருக்கும்.

சரி, உங்கள் மூன்று வேலைக்கு வருவோம். மூன்றையும் ஒரே விளம்பரத்தில் போட்டிருப்பீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியானால் பழியை இணையத்தின் மேல் போட வேண்டாம்.

மெர்ச்சண்டைசருக்கு இணையம்தான், அதில் தயக்கமே வேண்டாம். நல்ல மெர்ச்சண்டைசர் இப்போதே ஏதோ ஒரு கம்பெனியில் ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மெயில் எழுதிக்கொண்டிருப்பார். வேலை தேடாதவரை எப்படிப் பிடிப்பது? 1997-ல் நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தைத் தொடங்கிய சஞ்சீவ் பிக்சந்தானிக்கு யோசனை பிறந்ததே இங்கேதான். அவர் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில், நல்ல சம்பளத்தில் இருந்தவர்கள்கூட வணிகப் பத்திரிகை வந்ததும் பின்பக்கத்து வேலை விளம்பரங்களைத்தான் முதலில் புரட்டுவார்களாம். தளம் தொடங்கியபோது முதலில் ஏற்றியதும் பேப்பரில் வந்த வேலை விளம்பரங்களைத்தான். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் குளிர்வார். வேலையில் இருப்பவரைத்தான் பிடிக்க வேண்டும் என்பதால், விளம்பரம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நௌக்ரியில் பணம் கட்டினால் ரெஸ்யூமேக்களைத் தேடலாம், லிங்க்ட்இன்னில் நேராகவே எழுதலாம். எந்த நாட்டு ஆர்டர், என்ன சம்பளம் என்பதைத் திறந்து சொல்லுங்கள். பேப்பரில் வார்த்தைக்கு வார்த்தை காசு, அதனால் "நல்ல சம்பளம்" என்று சுருக்கினோம். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அங்கேயும் அதே "நல்ல சம்பளம்" எதற்கு? அதை இப்போது யாரும் நம்புவதில்லை.

அக்கவுண்டன்ட் விஷயத்தில் உங்கள் அப்பா பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி தெரிந்த, வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடும் நாற்பது வயதுக்காரர் எந்தத் தளத்திலும் பெயர் பதிந்திருக்கமாட்டார். வரி விளம்பரத்தை அவரே பார்க்காவிட்டாலும் அவர் மாமனார் பார்ப்பார்! இந்த ஒரு வேலைக்கு இரண்டிலும் போடுங்கள், ஆனால் வெவ்வேறு போன் நம்பர் கொடுங்கள். யார் எந்த வழியில் வந்தார் என்பது தானாகத் தெரிந்துவிடும். தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் பதியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

டெய்லருக்கு? இரண்டும் வேண்டாம். திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர் வேலை தேடும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. கேட்டில் தொங்கும் போர்டு, ஏற்கெனவே உங்களிடம் தைக்கிறவரின் சொந்தக்காரர், அவ்வளவுதான். போர்டில் ஷிப்டுக்கு எவ்வளவு, தைக்கும் பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டா, தங்க இடம் உண்டா என்பதை எழுதுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களும் வேண்டுமென்றால் இந்தியிலும் ஒரு போர்டு வையுங்கள். தமிழ்ப் பேப்பர் விளம்பரம் அவர்கள் கண்ணில் படவே படாது. உங்களிடம் இருக்கும் ஒருவர் தன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்தியில் குரல் பதிவு போட்டால், அதைவிட வேகமாகச் சேதி போகும்.

அப்புறம், இணையத்தில் விண்ணப்பித்தவரை அன்றே, தவறினால் மறுநாள் கூப்பிட்டுவிடுங்கள். ஒரு வாரம் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் கூப்பிடுவது பேப்பர் காலத்துப் பழக்கம். அதற்குள் நல்லவர்களை வேறு கம்பெனி எடுத்திருக்கும். உங்களுடைய அந்த ஐந்து பேர் கதை இதுதானா என்று தேதிகளை வைத்துச் சரிபாருங்கள்.

இன்னொன்று. உங்கள் கம்பெனி பெயரில் யாராவது போலி விளம்பரம் போட்டு, பதிவுக் கட்டணம் என்று பணம் பறிக்க முடியும். எங்கே விளம்பரம் கொடுத்தாலும் "வேலைக்கு நாங்கள் பணம் வாங்குவதில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பேப்பரில் அதற்கும் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.