சுவர் நனைவது ஆடியிலா, மார்கழியிலா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. 2009இல் கட்டிய வீடு. 2016இல் பாதி வீட்டுக்கு மேல்மாடி எடுத்து, அதில் ஒரு குளியலறையும் வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதி திறந்த கொங்கிறீட் தட்டு. கீழே வரவேற்பறையின் மேல்மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை. அதே சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு உப்பி உதிர்கிறது. மேசன் இரண்டு முறை திறந்த தட்டுக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டார், கறை அசையவில்லை. கடைக்காரர் இப்போது மூன்றாவது வகை ஒன்றைக் காட்டுகிறார். அதை வாங்கலாமா, அல்லது அதைவிட நல்லது இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ஆடி மாதத்தில்கூட மேல்கறை காயவில்லை, ஆனால் கீழே ஈரம் போய், வெள்ளைத் தூளாகக் கொட்டியது.

அம்மா, வாங்க வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாடைக்காற்றோடு வந்து முடிந்துவிடும். ஆனி, ஆடியில் வீசுவது கச்சான். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வரும் காற்று அது. கொடியில் போட்ட சாரம் ஒரு மணித்தியாலத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்தக் காற்றிலும் காயாத கறைக்கு மழை காரணமாக இருக்க முடியாது. நீங்கள் வீட்டுக்குள் பாவிக்கும் தண்ணீர்தான் எங்கோ வழி தவறுகிறது. அப்படியிருக்க, மழைக்கு எதிராகத் தட்டின் மேல் எத்தனை பூச்சு அடித்தும் பயனில்லை. கீழ் ஈரமோ காற்றோடு வந்து காற்றோடு போகிறது. அது வேறு வியாதி. ஒரே சுவரில் இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள்.

மேசனை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். திறந்த தட்டு கறைக்கு நேர் மேலே இருக்கிறது. குளியலறை பத்தடி தள்ளி. யாருக்கும் மேலே பார்க்கத்தான் தோன்றும். ஆனால் கொங்கிறீட்டுக்குள் தண்ணீர் நேரே கீழே இறங்குவதில்லை. டைல்ஸ் இடுக்கால் புகுந்தது அதன் அடியிலுள்ள மணல் சீமெந்துப் படுக்கையில் ஊறும். தட்டு எந்தப் பக்கம் சற்றே சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். வழியில் ஒரு வெடிப்போ மின்கம்பி போகும் குழாயோ கிடைத்தால் அங்கே இறங்கும். விசிறிக் கொளுக்கியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கொளுக்கியில் என்ன கசியும்? அது வெளியேறும் வாசல் மட்டுமே.

இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் பாலையூற்றில் ஒரு மாடி வீடு. கூரை ஓட்டைப் பார்த்தேன், சுவரும் கூரையும் சேரும் மூட்டைப் பார்த்தேன், ஓடு மாற்றச் சொன்னேன், பீலியையும் புதிதாகப் போடச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துப் போனால் கறை அப்படியே இருந்தது. வீட்டுப் பாட்டி கதிரையில் இருந்தபடியே, “தம்பி, அது வெள்ளிக்கிழமை பின்னேரத்திலதான் கறுக்கும்” என்றார். வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டில் மேல்மாடி அறைகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். படி ஏறி முடியும் இடத்தில் சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு நூல் வெடிப்பு. கழுவிய தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கும் பீலிக்கும் செலவழித்தது வீண். அன்றிலிருந்து ஏணி கேட்பதற்கு முன் கலண்டர் கேட்கிறேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கறையின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் திகதி போடுங்கள். காலை, மாலை பாருங்கள். கோட்டைத் தாண்டினால் புதிய கோடு, புதிய திகதி. அன்று யார் மேலே குளித்தார்கள், உடுப்புத் தோய்த்தார்களா என்பதையும் எழுதுங்கள். ஒரு வாரத்தில் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

அடுத்தது, தண்ணீர் வரும் குழாயா, போகும் குழாயா என்று பிரிக்க வேண்டும். வரும் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் அது கசியும். மட்டக்களப்பில் கல்யாண வீட்டுக்கு மூன்று நாள் போய் வந்து பார்க்கும்போது கறை வெளுத்திருந்தால், பெரும்பாலும் குழாயைவிட்டுவிட்டுக் குளியலறைத் தரையைச் சந்தேகிக்கலாம். போக எங்கும் இல்லையென்றால் இரவில் பார்க்கலாம். தாங்கிக்குள் தண்ணீர் வரும் வால்வை மூடி, நீர்மட்டத்தில் ஓர் அடையாளம் வைத்து, எந்தக் குழாயையும் திறக்காமல் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தாங்கிக்குப் பிந்திய குழாயில் எங்கோ ஓட்டை. முதலில் கொமட்டின் தண்ணீர்ப் பெட்டியைப் பாருங்கள். பெட்டிக்குள் சமையல் கலர் கொஞ்சம் போட்டு, ஊற்றாமல் விட்டும் கிண்ணத்தில் நிறம் இறங்கினால் அங்கேதான் போகிறது, சுவருக்குள் இல்லை. நீர்மானி உள்ளவர்கள் தாங்கி நிறைந்த பிறகு மானியையும் பார்க்கலாம், ஆனால் அது வீதியிலிருந்து தாங்கி வரையான குழாயைத்தான் சொல்லும். இதைக் கவனிக்காமல் ‘மானி ஓடவில்லை, ஆகவே கசிவில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம்.

தாங்கி மட்டம் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்போது குளியலறையை மூன்று நாளாவது பூட்டிவைத்துக் காயவிடுங்கள். பிறகு ஒரு ஹோஸ் பைப்பைத் தரையிலுள்ள வடிகால் வாய்க்குள் நேரே விட்டு, தரை நனையாமல் நான்கைந்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் பொறுங்கள். கறை வளர்ந்தால் வடிகால் குழாய் அல்லது அதன் மூட்டு. வளரவில்லையென்றால், பொலித்தீனில் சுற்றிய துணியால் வடிகால் வாயை இறுக்க அடைத்து, தரையில் ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். ஒரு சதுர மீற்றருக்கு 25 கிலோ அளவு பாரம்தான். ஒழுங்காகப் போட்ட தட்டு தாங்கும். கொஞ்சம் சமையல் கலரும் கலக்கலாம், ஆனால் மணல் படுக்கை நிறத்தை வடித்துவிடக்கூடும். கீழே நிறம் வரவில்லை என்பதை வைத்துத் தரையைக் குற்றமற்றதாக்காதீர்கள். 24 மணித்தியாலம் நிறுத்தி, மட்டத்தையும் கறையின் கோட்டையும் பாருங்கள். தரையும் தப்பித்தால், கடைசியாகச் சுவர் டைல்ஸில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு நாளில் ஒன்றுதான். மூன்றையும் ஒரே காலையில் செய்துவிட்டு ‘ஆம், கசிகிறது’ என்று வந்தால், அது உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த விஷயம்தான்.

இவை நடக்கும்போது கறைக்குப் பக்கத்தில் விளக்கோ விசிறியோ இருந்தால், அந்தச் சுற்றின் மின்சாரத்தை மின்பெட்டியிலேயே நிறுத்திவிடுங்கள். ஈரமான சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள்.

இனிக் கீழ்ச் சுவர். உப்புவெளி என்ற பெயரைச் சுமக்கும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேடிக்கை: அந்த வெள்ளைத் தூள் உப்பு. ஒரு தேக்கரண்டி சுரண்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். கரைந்து மறைந்தால் உறுதி. கடல் மணல், உவர்க் கிணற்றுத் தண்ணீர், கடற்காற்று என்று மூன்று வழியாகவும் உப்பு சுவருக்குள் வந்திருக்கலாம். சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். மாரி இரவுகளில் இங்கே அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். ஆகவே எந்தக் குழாயும் உடையாமல், எந்த மழையும் புகாமல் சுவர் வியர்க்கும். கச்சான் வந்ததும் காய்ந்து, உப்புத் திரும்பப் படிகமாகிப் பருக்கும். பூச்சை உள்ளிருந்து தள்ளும். மாரியில் கரைவதும் கோடையில் பருப்பதுமாக அது வருடா வருடம் ஒரு படை பூச்சைத் தின்றுகொண்டிருக்கும்.

ஈரமானி கொண்டுவந்து குத்திப் பார்க்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். முள் குத்தும் மானி அளப்பது மின்கடத்தலை. உப்பும் கடத்தும், காய்ந்த உப்புச் சுவரிலும் அது எகிறும். முள் எகிறியதைக் காட்டிச் சுவரைத் துளைத்து மருந்து ஏற்ற வேண்டும் என்றால், அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆனாலும் நிலத்திலிருந்து ஈரம் ஏறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். வெளியே போய் அந்தச் சுவரின் அடியைப் பாருங்கள். அத்திவாரத்துக்கு மேல் மேசன்மார் ‘டீ.பீ.சீ.’ என்று சொல்லும் ஈரத்தடுப்புப் படை இருக்கும். வீடு கட்டும்போது முற்றம் அதற்குக் கீழேதான் இருந்திருக்கும். பிறகு மண் நிரப்பி, இன்டர்லொக் கல் பதித்து, அழகுக்கு ஒரு பூப்பாத்தியும் வைப்பார்கள். முற்றம் படையைத் தாண்டி உயர்ந்துவிடும். அப்படியானால் சுவரோரம் ஓரடி அகலத்துக்குக் கல்லை எடுத்து, மண்ணைத் தாழ்த்துங்கள். இது பூச்சைவிட மலிவு, பலனோ பல மடங்கு.

அதன்பின் உதிரும் பூச்சை, கறை தெரியும் உயரத்துக்கு மேலும் இரண்டடி வரை செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் அது திரும்பச் சுவருக்குள் போய்விடும். கழுவிய ஆற்று மணலில், நல்ல தண்ணீரில் புதிய பூச்சு. கழிமுகத்துக்குக் கிட்ட அள்ளிய மணல் என்றால் அதுவும் உவர்க்கும். ஒரு துளி ஊறல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய மேசன்மாரின் பழக்கத்தில் தப்பில்லை. சுவர் காய்வதற்கு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அதுவரை பிளாஸ்டிக் பெயின்ற் பூசாதீர்கள்.

மழையால் நனையும் வீடுகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவில்லை, உங்களுடையது அதுவல்ல. மார்கழியில் மட்டும், அதுவும் வாடை அடிக்கும் பக்கத்தில் மட்டும் நனைகிறவர்கள், ஹோஸ் பைப்பால் சுவரைக் கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக நனைத்து, உள்ளே ஒருவரை நிறுத்திப் பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லா யன்னல் இடுக்கிலும் நுழைந்து குழப்பிவிடும். 2020 டிசெம்பர் 2 இரவு, புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது மட்டும் கசிந்த வீட்டுக்கு எந்த வேலையும் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். மேல்கறையின் அருகே கொங்கிறீட்டில் கம்பி போகும் திசையில் நேரான வெடிப்பும், அதிலிருந்து துருநிற ஒழுக்கும் இருக்கிறதா? சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? இருந்தால் பென்சில் கோட்டோடு காத்திருக்க வேண்டாம். துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கிறது. அந்த இடத்துக்குக் கீழே கதிரை போடுவதை நிறுத்திவிட்டு, மேசனுக்கு முன் ஒரு கட்டிடப் பொறியியலாளரை அழையுங்கள். இல்லையென்றால் நாளை காலை கறையைச் சுற்றிப் பென்சில் கோடு போடுவதிலிருந்து தொடங்குங்கள்.