நாற்பது கிராம் கல்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

பாறைகள் பற்றிய உங்கள் கட்டுரைகளை இப்போதுதான் படித்து முடித்தேன். ஒரு சந்தேகம். தங்கம் தேடும் நிறுவனம் ஒன்றின் அறிக்கையில், குவார்ட்ஸ் நாளத்திலிருந்து (பாறைப் பிளவில் படிந்த வெள்ளைக் கல் பட்டை) எடுத்த கல்லில் டன்னுக்கு 40 கிராம் தங்கமும் 300 கிராம் வெள்ளியும் இருந்ததாகப் போட்டிருந்தார்கள். டன்னுக்கு 5 கிராம் இருந்தாலே சுரங்கம் நடத்துகிறார்களாமே? அப்புறம் ஏன் வருடக்கணக்கில் துளை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்? நேராகத் தோண்டினால் என்ன? தங்கத்தோடு வெள்ளி ஏன் சேர்ந்து வருகிறது?

செ.

அன்புள்ள செ.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

இப்படித் தங்கமும் வெள்ளியும் சேர்ந்த நாளங்கள் பெரும்பாலும் பழைய எரிமலைப் பகுதிகளில் உருவானவை. தரைக்குக் கீழே சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குள், 150 முதல் 300 டிகிரி வரை சூடான நீர் பாறைப் பிளவுகள் வழியே ஏறி வந்திருக்கிறது. அதில் தங்கம் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டுதான் கரைந்திருக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, ஒரு மட்டத்தில் நீர் கொதிக்கிறது. கந்தகம் வாயுவாகப் பிரிகிறது. பிடி போனதும் தங்கம் அங்கேயே படிந்துவிடும். கொதிப்பும் குளிர்ச்சியும் வெள்ளியையும் இறக்கிவிடுகின்றன. இரண்டும் கலந்து படிந்தால் அதற்கு எலெக்ட்ரம் என்று பெயர். பொற்கொல்லர் பேச்சில், மாற்றுக் குறைந்த தங்கம்.

நியூசிலாந்தின் பிராட்லண்ட்ஸில் பூமிக்கடியிலிருந்து சூடான நீரை எடுக்கும் புவிவெப்பக் கிணறுகள் இருக்கின்றன. அங்கே குழாயில் அழுத்தம் சட்டென்று குறையும் தகட்டில் தங்கமும் வெள்ளியும் செறிந்த படிவு சேர்ந்திருந்ததை 1980களில் கண்டுபிடித்தார்கள். பூமி செய்வதை ஒரு இரும்புக் குழாய் செய்து காட்டியிருக்கிறது! எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

ஆக, நாளம் எவ்வளவு நீளமாக ஓடினாலும் தங்கம் தங்குவது கொதித்த மட்டத்தை ஒட்டித்தான். அதற்கு மேலேயும் கீழேயும் அதே வெள்ளைக் கல் வெறுமையாக இருக்கலாம். மேலே கிடைத்த வளமான கல், பெரும்பகுதி அரித்துப் போன நாளத்தின் அடிப்பாகமாகவும் இருக்கலாம். இதற்கு நேர்மாறானது ஜப்பானின் ஹிஷிகாரி. அதன் முக்கிய நாளங்கள் தரையில் தலைகாட்டவே இல்லை. 1981இல் துளையிட்ட பிறகுதான் அகப்பட்டன. உலகின் மிக வளமான தங்கச் சுரங்கங்களில் ஒன்றானது அது. எனவே நல்ல புவியியலாளர் கல்லில் மஞ்சள் மினுக்கைத் தேடுவதைவிட, கொதித்ததன் தடயத்தையே தேடுவார். நீர் கொதித்த இடத்தில் மெல்லிய தகடுகளாக வளர்ந்த கால்சைட் என்னும் கனிமத்தின் இடத்தைக் குவார்ட்ஸ் பிடித்துக்கொண்ட அந்த அமைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் 40 கிராமுக்கு வருவோம். அந்தக் கல்லை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? தரையில் பொறுக்குபவர் கை தானாகவே அழகான கல்லை நோக்கித்தான் போகும். இன்னொன்று, தங்கம் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரு கனமில்லிமீட்டர் தங்கத் துணுக்கின் எடை சுமார் 19 மில்லிகிராம். ஒரு கிலோ கல்லில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தாலும் கணக்கு டன்னுக்கு 19 கிராம் என்று வந்துவிடும். பக்கத்துக் கல்லில் ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

அகலத்தையும் பாருங்கள். அரை மீட்டர் அகல நாளத்தில் டன்னுக்கு 20 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளும் இயந்திரமும் நுழைய ஒன்றரை மீட்டர் வெட்டினால், பக்கத்து வெறும்பாறையும் கலந்து டன்னுக்கு 7 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். துளை 30 டிகிரி கோணத்தில் நாளத்தைச் சந்தித்தால், கோரில், அதாவது துளையிலிருந்து எடுக்கும் உருளைக் கல்லில், 4 மீட்டராகத் தெரிவது உண்மையில் 2 மீட்டர்தான். இதையெல்லாம் ஒரே துளை சொல்லாது. அக்கம்பக்கத்தில், வெவ்வேறு ஆழத்தில், வரிசையாகப் போட வேண்டும். நீங்கள் தாமதம் என்று நினைப்பது இந்த வேலையைத்தான். அதை அவசரப்படுத்தித் தோண்டுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. காடும் நீரும் ஒருமுறை குலைந்தால் குலைந்ததுதான்.

அந்த அறிக்கையில் துளைகளின் அட்டவணை இருந்தால், ‘உண்மை அகலம்’ என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். சேர்ந்து படிப்போம்.