அலபாமாவில் கொக்கிப்புழு: 34.5 சதவீதம் என்ற கணக்கை எப்படிப் புரிந்துகொள்வது?

2017-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து லௌண்ட்ஸ் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) 55 பேரின் மலம் சோதிக்கப்பட்டு 19 பேருக்குக் குடலில் தங்கி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருப்பது தெரிந்தது. அதுதான் அந்த 34.5 சதவீதம். இந்த 55 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தவர்கள் அல்லர், கழிவுநீர்ச் சிக்கல் உள்ள பகுதியில் கேட்டுச் சேர்க்கப்பட்டவர்கள். ஆகவே 'கவுன்டியில் மூன்றில் ஒருவருக்கு' என்று எழுதுவது தவறு.

அங்கே ஏன் இந்தத் தொற்று என்பதற்கு விடை மண்ணில் இருக்கிறது. அந்தக் கரிசல் களிமண் நீரை உறிஞ்சாது. சாதாரண செப்டிக் டேங்க் மழையில் நிரம்பி, கழிவு வீட்டுக்குள்ளேயே திரும்பும். மண்மேடு கட்டி அதில் கழிவுநீரை வடியவிடும் முறைக்குச் செலவு அதிகம். அதனால் பலர் குழாயை நேரே முற்றத்தில் விட்டுவிடுகிறார்கள். மலத்தோடு வெளிவரும் கொக்கிப்புழு முட்டை வெதுவெதுப்பான ஈரமண்ணில் ஓரிரு நாளில் பொரியும். 5 முதல் 10 நாளில் புழு வெறுங்காலைத் துளைக்கத் தயார்.

சோதனை முறையையும் பாருங்கள். நுண்ணோக்கியில் முட்டை எண்ணும் காட்டோ-காட்ஸ் முறையில் கண்ணாடித் தகட்டை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் கொக்கிப்புழு முட்டை கரைந்து மறையும். இங்கே பயன்பட்டது மரபணுவைத் தேடும் பிசிஆர். மிக லேசான தொற்றையும் அது பிடிக்கும். ஆனால் 'தொற்று உண்டு' என்றால் இரத்தசோகை உண்டு என்று பொருளல்ல.

மருந்து எளிது: பெரியவர்களுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே வேளை. முற்றத்துக் குழாய் அப்படியே இருந்தால் தொற்று மீண்டும் வரும்.