ஸ்டெபிலைசர் வாங்குமுன் கணினியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் சிறிய சரக்கு முகவர் அலுவலகம் நடத்துகிறோம். மொத்தம் 11 மேசைக் கணினிகள். கடந்த எட்டு மாதங்களில் ஐந்து தடவை, கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியை மாற்றியாகிவிட்டது. ஒரே கணினிக்கு மட்டும் இரண்டு தடவை. பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில்தான் உயிர் வராமல் கிடக்கிறது. சில சமயம் விளக்கு ஒரு கணம் மங்கினால் மூன்று கணினிகள் மட்டும் ரீஸ்டார்ட் ஆகின்றன. இரண்டு முறை ஒரு வரிசை முழுவதும் ஒன்றாக அணைந்துவிட்டது. எங்கள் ஐடி காண்டிராக்டர், "கரண்ட் சரியில்லை, ஆளுக்கொரு ஸ்டெபிலைசர் வையுங்கள், ஒன்று 95 வெள்ளி" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 1,045 வெள்ளி கையிலேயே இருக்கட்டும்.

பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். உள்வரும் மின்சாரம் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால், அந்த எல்லைக்குள் ஏறினாலும் இறங்கினாலும் அது தானே சமாளித்துக்கொள்ளும். ஸ்டெபிலைசர் செய்யும் வேலை ஏற்கெனவே அதற்குள் நடந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு வாடிக்கையாளருக்கு ஆண்டு முழுவதற்கும் சேர்த்து மின்தடை சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மின்கம்பிகள் நிலத்தடியில் போகின்றன. நாள் முழுக்க வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் பிறந்த விற்பனைப் பேச்சு "கரண்ட் சரியில்லை" என்பது. அதை இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். எந்தக் கோளாறுக்கும் பொருந்துகிற, யாரும் சரிபார்க்க முடியாத காரணம் என்பதால் நன்றாகவே விற்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒன்றல்ல, மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் தீர்வு கிடைக்கவில்லை.

முதலில் விளக்கு மங்கும் விஷயம். மின்கட்டமைப்பில் எங்கோ ஒரு பழுது ஏற்படும்போது சுற்றுவட்டாரம் முழுவதும் வோல்டேஜ் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சரிந்து மீளும். நல்ல நிலையில் உள்ள பவர் சப்ளை, முழுச் சுமையில்கூட, உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகு சுமார் 16 மில்லிநொடி தாங்க வேண்டும். அலுவலகக் கணினியின் சுமை குறைவு என்பதால் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். அந்த இடைவெளியில் கணினியை நடத்துவது உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சேமித்த மின்சாரம். கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வற்ற வற்றத் தாங்கும் நேரம் குறையும். 11 கணினிகளுக்கும் வந்தது ஒரே சரிவுதான். எட்டு தாங்கின, மூன்று விழுந்தன. குற்றம் கரண்டில் இருந்தால் 11-ம் விழுந்திருக்கும். அந்த மூன்றின் எண்களையும் இன்றே குறித்து வையுங்கள், அடுத்துப் போகப்போவது அவைதான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று பதிவாகியிருக்கும் நேரங்களை எடுத்து, விளக்கு மங்கிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 41 என்று இருந்தாலே பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று பொருளல்ல. கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பது மட்டுமே அதன் பொருள். சில காண்டிராக்டர்கள் அதையே சாட்சியாகக் காட்டிப் புதிய பாகத்தை விற்றுவிடுகிறார்கள்.

அடுத்து திங்கட்கிழமை. பவர் சப்ளைக்குள் ஒரு சிறிய துணைச் சுற்று உண்டு. கணினி அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியதும் எழுப்பிவிடுவது அதுதான். அதில் உள்ள சின்னக் கெப்பாசிட்டர் வற்றிப்போனாலும் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை சுவர் சுவிட்சை அணைத்து, இரண்டு நாள் ஆறிப்போன பிறகு மீண்டும் தொடங்க அதற்குத் தெம்பு இருக்காது. ஆக, திங்கள் காலை இறந்ததாகத் தெரியும் பவர் சப்ளை பல வாரங்களாகவே செத்துக்கொண்டிருந்தது.

ஏன் வற்றுகிறது? வெப்பம். கெப்பாசிட்டருக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. உங்கள் கட்டடத்தில் மைய ஏர்கான் மாலை ஆறு, ஏழு மணிக்கு நின்றுவிடும் என்றால், இரவெல்லாம் ஓடும் கணினி மூடிய அறையில், தரை விரிப்பின் மேல், மேசைக்கடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருக்கும். பின்பக்கத்து விசிறியின் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள், காற்று அதைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஒரு படலம் கம்பித் தடுப்பை மூடியிருக்கும். தரை விரிப்பின் இழையும் தூசும் நம் ஊர் ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொண்டது அது. கணினியை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். சுவருக்கும் பின்பக்கத்துக்கும் இடையே ஒரு கை நுழையும் இடம் விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடித்துத் தூசை எடுங்கள். "இரவில் அப்டேட் போக வேண்டும், அணைக்காதீர்கள்" என்று காண்டிராக்டர் சொல்வது அவருடைய வசதிக்காக. மதிய உணவு நேரத்திலும் அப்டேட் போகும். மாலையில் கணினியை அணைத்துவிடுங்கள்.

பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கலாம்.

அடுத்த முறை ஒன்று எழவில்லை என்றால், காண்டிராக்டரை அழைக்குமுன் பத்து நிமிடம் செலவிடுங்கள். பக்கத்துக் கணினியின் மின்வயரைக் கழற்றி இதில் செருகுங்கள். மூன்று கால் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் போனதற்கே முழுப் பவர் சப்ளையையும் மாற்றிப் பணம் வாங்குவது நடக்கிறது. பிறகு வயரை உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் செருகிப் பாருங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் வகைகள் பலவற்றில் பவர் சப்ளையின் பின்புறத்திலேயே ஒரு சோதனைப் பட்டனும் பச்சை விளக்கும் இருக்கும். அழுத்தினால் பச்சை எரிய வேண்டும். எரியாவிட்டால், உள்ளே அதிலிருந்து போகும் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் அழுத்துங்கள். அப்போது எரிந்தால் பவர் சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது, வேறு ஏதோ ஒரு பாகம் அதைக் கீழே இழுக்கிறது. வேறு வகைக் கணினி என்றால், அதே மாடலில் நன்றாக ஓடும் ஒன்றிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. பவர் சப்ளையைத் தனியாக ஓடவைக்கப் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்துப் பார்க்கும் வித்தை, 24 ஊசி இணைப்பு கொண்ட பொதுவகைக்கு மட்டுமே பொருந்தும். அலுவலகங்களில் பரவலாகக் காணும் ஒல்லி உடம்புக் கணினிகளில் ஆறு, எட்டு, பத்து ஊசி என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி வகை வைத்திருக்கிறது, செய்யாதீர்கள்.

இந்தத் தனித்தனி வகைதான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது. கடையில் போய்ப் பொதுவகையை வாங்கி மாட்ட முடியாது என்பதால் அவர் கொண்டுவருவதே பாகம், அவர் சொல்வதே விலை. அப்படி வருவதில் பல, குத்தகை முடிந்த பழைய கணினிகளிலிருந்து கழற்றித் துடைத்தவை. பவர் சப்ளையைத் திருப்பிப் பாருங்கள். பளபளப்பான சிறிய ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அதில் உள்ள தேதி இந்த ஆண்டு. அது காண்டிராக்டர் ஒட்டியது. அதன் கீழே தயாரிப்பாளரின் பெரிய லேபிளில் உற்பத்தித் தேதி ஆறு, ஏழு ஆண்டுக்கு முந்தையதாக இருக்கலாம். வெந்து முடிந்த ஒன்றுக்குப் பதில் பாதி வெந்த ஒன்றை மாட்டினால் எட்டு மாதத்தில் ஐந்து போவதில் வியப்பில்லை. இனிமேல் மூன்று நிபந்தனை போடுங்கள்: லேபிளில் உள்ள பாக எண் அதே எண்ணாக இருக்க வேண்டும், உற்பத்தித் தேதி பில்லில் எழுதப்பட வேண்டும், கழற்றிய பழையது உங்களிடமே திரும்ப வர வேண்டும். மூன்றாவதற்குத்தான் முகம் சுளிப்பார்கள். உங்களிடம் "கெட்டுவிட்டது" என்று கழற்றியது இன்னோர் அலுவலகத்தில் மாட்டப்படக்கூடாது என்பதற்காகவே அதைக் கேட்கிறீர்கள்.

பொதுவகைப் பவர் சப்ளை பொருந்தும் பெரிய பெட்டி ஏதேனும் உங்களிடம் இருந்தால், வாட் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். "500 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்து அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216 வாட். இன்றைய கணினி ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது, ஆகவே அதன் உண்மைத் திறன் அதுதான்.

இனி, ஒரு வரிசை முழுவதும் ஒன்றாக அணைந்தது. இதற்கும் பவர் சப்ளை கெட்டதற்கும் சம்பந்தமில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல பவர் சப்ளைகளை மாற்றும் அலுவலகங்கள் பல என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மின்பலகையில் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். மின்சாரம் எர்த் வழியாகக் கசிந்தால் அது வெட்டிவிடும். கணினியின் பவர் சப்ளை, மின்சாரத்தில் கலக்கும் இரைச்சலை வடிகட்டுவதற்காக, இயல்பாகவே ஒரு சிறு அளவை எர்த்துக்குக் கசியவிடுகிறது. ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியாம்பியர் என்று வையுங்கள். இது கோளாறல்ல, வடிவமைப்பே அப்படித்தான். 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, தரவிதிப்படி 15-ஐத் தாண்டினாலே வெட்டலாம். ஒரே ஆர்சிசிபியில் 11 கணினி, மானிட்டர்கள், நகல் இயந்திரம், பேன்ட்ரியில் கெட்டில் எல்லாம் இருந்தால் கசிவு எப்போதும் 15-க்குப் பக்கத்திலேயே நிற்கும். ஈரமான ஒரு காலையில் யாராவது கெட்டிலைப் போட்டால், வரிசையே அணைந்துவிடும். எந்தக் கருவியும் கெடவில்லை. எல்லாமே தத்தம் அளவுக்குள்தான் கசிந்தன, கூட்டுத்தொகைதான் எல்லை மீறியது.

இதற்குச் சரியான தீர்வு, சுற்றைப் பிரித்து இரண்டு ஆர்சிசிபிகளில் பகிர்வது. அதை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளர்தான் செய்ய வேண்டும். கணினிக் காண்டிராக்டர் மின்பலகையைத் தொடக்கூடாது. கட்டட நிர்வாகத்திடம் கேட்டால் "உங்கள் யூனிட்டுக்குள் இருப்பது உங்கள் பொறுப்பு" என்பார்கள். காண்டிராக்டரைக் கேட்டால் "வயரிங் கட்டடத்தின் பொறுப்பு" என்பார். இருவருக்கும் நடுவில் வாடகை கட்டுகிறவர் மாதக்கணக்கில் அலைகிறார். மின் பணியாளரை நீங்களே நேரடியாக அழைத்து, கசிவை மில்லியாம்பியரில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். எண் கையில் இருந்தால் இருவரும் பேச்சை மாற்ற முடியாது.

தவறான தீர்வு ஒன்றையும் சிலர் செய்வார்கள்: எர்த் கம்பி இணைக்காத மலிவான எக்ஸ்டென்ஷனை மாட்டுவது. ஆர்சிசிபி வெட்டுவது உடனே நின்றுவிடும், நீங்களும் நன்றி சொல்வீர்கள். ஆனால் கசிவு போக வழியில்லாமல் கணினியின் உலோக உடம்பில் சுமார் 115 வோல்ட் தங்கும். புறங்கையால் பெட்டியை இலேசாகத் தடவும்போது எறும்பு ஊர்வதுபோல ஒரு சிலிர்ப்பு தெரிந்தால் அதுதான். அப்படித் தெரியும் கணினியை அந்த நிமிடமே அணைத்து, எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போடுங்கள். புதிதாக வாங்கும்போது பாதுகாப்புச் சின்னம் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

காசைத் திரும்பப் பெறலாமா என்பதையும் யோசிப்பீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் 1-இல் வந்த 'லெமன்' சட்டம், ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கியபோதே இருந்ததாகக் கருதுகிறது. ஆனால் அது தனிப்பட்ட பயனீட்டாளருக்குத்தான், நிறுவனத்தின் பெயரில் வாங்கியதற்கு அல்ல. ஏமாற்றுகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். 11 கணினி உள்ள சிறிய அலுவலகத்துக்குச் சட்ட ஆலோசகரா இருக்கிறார்? இந்த இடைவெளியை இத்தனை ஆண்டு திறந்தே வைத்திருப்பது நியாயமில்லை. உங்களுக்குள்ள வழி சிறு கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மேலே சொன்னபடி தேதி எழுதிய பில்லும் கழற்றிய பாகமும் கையில் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கடைசியாக, இரண்டு தடவை போன அந்தக் கணினி. அதற்கு மூன்றாவது பவர் சப்ளை மாட்டாதீர்கள். மூடியைத் திறந்து தாய்ப்பலகையில் உள்ள உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள், தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருக்கக் கூடாது. முன்பக்க யூஎஸ்பி துளைகளுக்குள் டார்ச் அடித்து, உடைந்து வளைந்த தகடு ஏதும் ஒன்றோடொன்று தொடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அந்தக் கணினியை வேறொரு மேசையில், வேறொரு சுவர் பிளக்கில் ஒரு மாதம் ஓட்டுங்கள். அங்கே நன்றாக ஓடினால், பழைய மேசைக்கடியில் அதே எக்ஸ்டென்ஷனில் லேசர் பிரிண்டரோ குளிர்பெட்டியோ செருகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.