சனியின் வளையம் எங்கே போயிற்று? – கடிதமும் பதிலும் (2025 இறுதி)

அன்புள்ள ஐயா,

கோள்களைப் பற்றித் தாங்கள் எழுதிவரும் கட்டுரைகளைப் படித்த ஆர்வத்தில் இந்த ஆண்டு 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். சனியின் வளையங்களைப் பார்க்க வேண்டும் என்பதே முதல் ஆசை. ஆனால் நவம்பர் கடைசியில் மொட்டைமாடியிலிருந்து பார்த்தபோது, மங்கிய மஞ்சள் உருண்டையும் அதன் குறுக்கே மெல்லிய கோடும்தான் தெரிந்தன. பெட்டியின் மேல் அச்சிட்ட படத்தில் வளையம் அகலமாக விரிந்திருக்கிறது. குறை தொலைநோக்கியிலா, என் கண்ணிலா? வளையங்கள் அழிந்துவருவதாகச் செய்தியில் படித்தேனே, அதுதான் காரணமா?

இன்னும் இரண்டு ஐயங்கள். கைப்பேசிச் செயலி சனி கும்பத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. திருக்கணிதப் பஞ்சாங்கம் மீனத்தில் என்கிறது. வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் வரை கும்பம்தான் என்கிறது. எதை எடுத்துக்கொள்வது? அடுத்தது செவ்வாய். சென்ற ஜனவரியில் நன்றாக ஒளிர்ந்த செவ்வாய், விண்மீன்களுக்கிடையே பின்னோக்கி நகர்ந்ததை நானே குறித்துவைத்தேன். இப்போது அது மங்கி, அந்தி வெளிச்சத்தில் மறைந்தேவிட்டது. சூரியன் மறையும் வேளையில் தொலைநோக்கியால் தேடிப் பிடிக்க முடியுமா?

தங்கள் வாசகன்,
தென்காசி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

தொலைநோக்கியிலும் குறையில்லை, கண்ணிலும் குறையில்லை. 2025 நவம்பர் இறுதியில் சனி எப்படித் தெரிந்திருக்க வேண்டுமோ அப்படியேதான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாட்களில் சனியின் வளையத் தளத்துக்கும் நம் பார்வைக் கோட்டுக்கும் இடையே அரைப் பாகைகூட இல்லை. வளையத்தின் முகத்தை அல்ல, விளிம்பைப் பார்த்திருக்கிறீர்கள்.

சனியின் அச்சு அதன் சுற்றுப்பாதைக்கு ஏறத்தாழ 27 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றிவர அதற்கு ஆகும் இருபத்தொன்பதரை ஆண்டுகளிலும் அந்தச் சாய்வு விண்வெளியில் ஒரே திசையை நோக்கியே நிற்பதால், ஒரு சுற்றில் ஒருமுறை வடமுகமும் ஒருமுறை தென்முகமும் நம் பக்கம் விரிந்து காட்டுகின்றன. இடையில் இரண்டு முறை வளையம் விளிம்பளவாகச் சுருங்கிவிடுகிறது. 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத் தளத்தைக் கடந்தபோது சனி சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் அதைப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. நவம்பரில் வளையம் மீண்டும் குறுகியதைத்தான் நீங்கள் கண்டீர்கள். இதற்கு முன் இப்படி நேர்ந்தது 2009-இல், இனி 2038–39-இல். முந்தைய இடைவெளி பதினைந்தரை ஆண்டுகளுக்கு மேல், அடுத்தது பதினான்குக்கும் குறைவு. சனியின் பாதை நீள்வட்டமானது என்பதும், 2032-இல் அது சூரியனை நெருங்கிச் சற்று விரைந்து செல்லும் என்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

வளையம் விளிம்பாகத் திரும்பியவுடன் ஏன் கோடாகச் சுருங்குகிறது என்பதற்கு அதன் தடிமனே விடை. முக்கிய வளையங்களின் வெளிவிட்டம் சுமார் 2,70,000 கிலோமீட்டர். தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்களுக்குள் அடங்கிவிடும். பத்து மீட்டர் என்றே கொண்டால், நாம் எழுதும் தாளின் தடிமனில் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒரு வட்டத்தை வெட்டினால் வரும் விகிதம் அது.

இதே ஏமாற்றம் கலிலியோவுக்கும் நேர்ந்தது. 1610-இல் சனியின் இருபுறமும் இரண்டு துணைகள் ஒட்டிநிற்பதாகக் கண்டவர், 1612 இறுதியில் அவை காணாமற்போனதைப் பார்த்துத் திகைத்து, புராணத்தில் வருவதுபோல் சனி தன் பிள்ளைகளை விழுங்கிவிட்டானோ என்று கடிதம் ஒன்றில் கேட்டார். அது வளையம் என்று சொன்னவர் டச்சு வானியலர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் சனியை ஆராயத் தொடங்கியதே வளையம் கோடாகச் சுருங்கியிருந்த 1655-ஐ ஒட்டிய காலத்தில்தான். அந்த மார்ச் மாதம் டைட்டன் என்ற துணைக்கோளைக் கண்டார். வளையம் பற்றிய முழு விளக்கத்தை 1659-இல் வெளியிட்டார். வளையத்தின் ஒளி மங்கும்போது அதன் அருகிலுள்ள மங்கிய பொருட்கள் வெளிப்படும். 1966-இல் வளையம் மறைந்த சமயத்தில் பிரெஞ்சு வானியலர் ஆடுவான் டோல்ஃபுஸ் ஜேனஸ் என்ற துணைக்கோளைக் கண்டதும் அப்படித்தான். ஆகவே, வளையம் விரிந்து அழகு காட்டும் ஆண்டுகளைவிட நீங்கள் சலித்துக்கொண்ட இந்த ஆண்டே நோக்குவதற்கு உகந்தது என்பது என் கட்சி.

உங்கள் கருவியில் டைட்டன் தெரியும். 10 மில்லிமீட்டர் ஐபீஸை (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸை) போட்டு, சனியின் கோட்டை இருபுறமும் மனத்தால் நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டின் மேலோ அதை ஒட்டியோ, கொஞ்சம் தள்ளி, மங்கிய புள்ளி ஒன்று இருக்கும். சில இரவுகள் தொடர்ந்து வரைந்துவைத்தால் அது கோளின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்வதையும், ஏறத்தாழ 16 நாளில் பழைய இடத்துக்குத் திரும்புவதையும் காணலாம். வளையம் விரிந்த பிறகு இதே துணைக்கோள் கோளுக்கு மேலும் கீழுமாக அலைவதாகத் தெரியும். தென்காசியில் சனி இப்போது உச்சிக்கு அருகில் ஏறுகிறது. லண்டனில் இருப்பவர்கள் அதே சனியைத் தாழ்வானத்துக் கலங்கிய காற்றினூடே பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த வசதியை விட்டுவிடாதீர்கள். பெட்டியில் 500 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் என்று அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். 70 மில்லிமீட்டர் லென்ஸ் பயனுள்ள வகையில் தாங்குவது 140 மடங்கு வரைதான்.

வளையங்கள் அழியும் என்ற செய்தி வேறு. அவற்றின் பனித்துகள்கள் சனியின் மேல் மெல்ல விழுந்துகொண்டிருக்கின்றன என்பதும், 30 கோடி ஆண்டுகளிலோ அதற்கும் முன்போ அவை தீர்ந்துபோகலாம் என்பதும் 2018-இல் வெளியான ஆய்வின் கணிப்பு. பார்வைக் கோணத்தால் சில மாதம் மறைவதையும் இதையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பியது செய்தி எழுதியவர்களின் அவசரம். 2032-இல் தென்முகம் முழுதாக விரிந்திருக்கும்போது இதே தொலைநோக்கியில் பாருங்கள்.

ராசிக் கேள்விக்கு வருகிறேன். செயலி காட்டுவது 1930-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வகுத்த விண்மீன் குழுக்களின் எல்லைகளை. அவை ஒன்றுக்கொன்று அளவில் சமமானவை அல்ல. பஞ்சாங்கத்தின் ராசி என்பது சூரியன் செல்லும் பாதையைப் பன்னிரண்டாகச் சமமாகப் பகுத்த 30 பாகைத் துண்டு. எனவே செயலியின் கும்பமும் பஞ்சாங்கத்தின் கும்பமும் ஒன்றல்ல; இப்போது செயலியும் வாக்கியமும் ஒத்துப்போவது தற்செயல். இரண்டு பஞ்சாங்கங்களுக்கிடையே உள்ள வேறுபாடு வேறு வகை. வாக்கியம் பழைய வாய்பாடுகளைத் திருத்தாமல் பின்பற்றுகிறது, திருக்கணிதம் இன்றைய கணிப்புகளைக் கொண்டு திருத்திக்கொள்கிறது. ஆண்டுக்குச் சுமார் 12 பாகையே நகரும் சனியின் விஷயத்தில் சில பாகைப் பிழைகூடப் பல மாதங்களாகப் பெருகிவிடும்: கும்பத்துக்குச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாறு போன்ற கோயில்கள் வாக்கியத்தைப் பின்பற்றுவது வழிபாட்டு மரபு, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வானத்தில் சனி நிற்கும் இடம்தான் உங்கள் கேள்வி என்றால் திருக்கணிதமே பொருந்தும்.

செவ்வாய் பின்னோக்கிப் போனதை நீங்களே குறித்துவைத்திருப்பது மகிழ்ச்சி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பூசத்துக்கு அருகில் நின்று, மேற்கே திரும்பிப் புனர்பூசத்தின் இரு விண்மீன்களை நெருங்கி, 2025 பிப்ரவரி இறுதியில் மறுபடி கிழக்கே நடக்கத் தொடங்கியது. பஞ்சாங்கம் இதை வக்கிரம் என்கிறது. செவ்வாய் உண்மையில் திரும்பவில்லை. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டரும் செவ்வாய் 24 கிலோமீட்டரும் ஓடுகின்றன. உள்பாதையில் இருக்கும் நாம் அதைக் கடந்து செல்லும் வாரங்களில், நம்மிலிருந்து செவ்வாய்க்குச் செல்லும் பார்வைக் கோடு பின்னணி விண்மீன்களின் மேல் மேற்காகச் சுழல்கிறது. அவ்வாறு கடக்கும் காலமே அது நமக்கு மிக அருகில் இருக்கும் காலமும் ஆகும். எனவே வக்கிரமும் பேரொளியும் எப்போதும் சேர்ந்தே வரும். ஜனவரியில் 9.6 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்த செவ்வாய், இப்போது சூரியனுக்கு அப்பால் சுமார் 36 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. மங்காமல் என்ன செய்யும்? அடுத்து அது நம் வானில் சூரியனுக்கு நேரெதிரே வருவது 2027 பிப்ரவரி 19 அன்று. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் செவ்வாய் முழுநிலவு அளவுக்குத் தெரியும் என்று வரும் வாட்ஸ்அப் செய்தி, 2003-இல் அது 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியதிலிருந்து கிளம்பிய கதை. அந்த ஆண்டிலும் அப்படித் தெரியவில்லை.

அந்தியில் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சூரியன் முழுதாக மறைவதற்கு முன் அதன் அருகே தொலைநோக்கியைத் திருப்பினால் ஒரு நொடியில் கண் போய்விடும். உங்கள் பெட்டியில் ஐபீஸில் திருகிப் பொருத்தும் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்று, சூரியனைப் பார்க்க என்று கொடுத்திருந்தால், அதை இன்றே உடைத்து எறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விடும். சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயில் பொருத்துவதாகவே இருக்க வேண்டும். செவ்வாய் 2026 நடுவில் விடியற்காலைக் கிழக்கில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அதுவரை ஜனவரி இரவுகளில் மிதுனத்தில் வியாழன் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் ஐபீஸிலேயே அதன் நான்கு துணைக்கோள்களும் கிடைக்கும்.