மெக்கானிக்கல் முதல் வருடத்தில் என்ன படிப்போம், இன்ஜினை எப்போது தொடுவோம்?

பிளஸ் டூ முடித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. நான் இப்போது முதல் வருடம்தான், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டம் (நீங்கள் சேரும்போது மாறியிருக்கலாம்).

இன்ஜினா? அதற்கு அடிப்படையான தெர்மோடைனமிக்ஸே (வெப்ப இயக்கவியல்) மூன்றாம் செமஸ்டரில்தான் வருகிறது, இன்ஜின்கள் வரும் தெர்மல் இன்ஜினியரிங் நான்காவதில். முதல் செமஸ்டரில் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான் புரோகிராமிங், தமிழர் மரபு. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

எனக்கு இன்ஜின் பைத்தியம் பிடித்தது சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில். மாமா அங்கே விசைப்படகு மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இன்ஜினைப் பிரித்து மேய்வார்கள். நமக்கும் ஸ்கூல் லீவு. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. "பதினேழு இல்லடா, பத்தொன்பது!" என்று திட்டு வாங்கியே அளவெல்லாம் மனப்பாடம்.

அப்படிப்பட்டவனை வேதியியல் இழுத்துப் பிடிக்கும் என்று நானே நினைக்கவில்லை. முதல் யூனிட்டே தண்ணீர். வீடு எண்ணூர்ப் பக்கம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது தெரிந்த விஷயம்தான். பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. அதன் ஆர்.ஓ. முறையும் (அழுத்தம் கொடுத்து நுண்சவ்வு வழியே நீரைத் தள்ளி உப்பைப் பிரிப்பது) படிப்பில் வருகிறது.

லேபில் நீரின் கடினத்தன்மையை, அதாவது சோப்பை நுரைக்க விடாத கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை, அளக்க வேண்டும். தண்ணீரில் காரத்தன்மையை நிலையாக வைக்கும் அம்மோனியா பஃபர் கரைசலை விட்டு (மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்), நிறம் மாறிக் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி சேர்த்தால் ஒயின் சிவப்பாகிறது. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, ஊதாவாகத் தயங்கி, ஒரே சொட்டில் பளிச்சென்று நீலம். அதுவரை செலவான அளவை வைத்துத்தான் கணக்கு. கொதிக்க வைத்து வடிகட்டிய தண்ணீரிலும் இதையே செய்வோம். கொதித்ததில் பைகார்பனேட் உப்புகள் படிந்துவிடும், குளோரைடும் சல்பேட்டும் அசையாது. அப்படி மிஞ்சுவதுதான் நிரந்தரக் கடினத்தன்மை.

இதில் மெக்கானிக்கல் எங்கே என்கிறீர்களா? நீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்கும் பாய்லரில். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும். அங்கே இப்படிப்பட்ட தண்ணீரை அப்படியே விட்டால் குழாய்க்குள் கல்லாகப் படியும். சூடு தண்ணீருக்குப் போகாது, நிலக்கரி வீணாகும், உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகும். படிவு விரிசல் விட்டால் இன்னும் மோசம்: தகிக்கும் உலோகத்தில் நீர் பட்டு, சட்டென்று ஆவி கிளம்பி, அழுத்தம் எகிறி, பாய்லரே வெடிக்கலாம். அதனால்தான் உப்புகளை நீக்கிய நீரையே ஊட்டுகிறார்கள். படகு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலரை மாமா ஏன் அப்படிச் சுரண்டிச் சுரண்டிக் கழுவுகிறார் என்பதும் இப்போது புரிகிறது.

பைத்தான் பரவாயில்லை. மாமாவின் டீசல் கணக்குக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன், அவர் இன்னும் நோட்டைத்தான் நம்புகிறார்.

இரண்டாம் செமஸ்டரில் வெல்டிங், தச்சு, குழாய் வேலை, வயரிங் எல்லாம் கையால் செய்யும் லேப் உண்டு. தமிழரும் தொழில்நுட்பமும் தாளில் கப்பல் கட்டும் கலை வருகிறது, அதற்கு நான் காத்திருக்கிறேன். அப்புறம் இன்ஜினியரிங் கிராபிக்ஸ். அதற்கான மினி டிராஃப்டரை (வரைபலகையில் பொருத்திக் கோடு போடும் கருவி) புதிதாக வாங்கிவிடாதீர்கள். சீனியர்களிடம் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள், திருகுகளை மட்டும் சரிபார்த்து வாங்குங்கள்.