அம்பயர் யார் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

வடக்கு டெக்சஸில் பள்ளிக்கூட பேஸ்பால் சீசன் பாதியைத் தாண்டிவிட்டது. தோற்ற ஆட்டங்களைப் பற்றிய கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஜெயித்தவர்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. பகலில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் அம்பயராக முகமூடி மாட்டிக்கொண்டு, பேட் செய்கிறவர் பக்கத்திலிருக்கிற ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிற வேலை. ஆகவே நானும் இதில் ஒரு தரப்புதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகன் பதினோராம் வகுப்பு. போன வாரம் வேறொரு பள்ளிக்குப் போய் ஆடி 4–3 என்று தோற்றார்கள். ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் அந்தப் பள்ளி கோச்சின் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசினார். அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். கடைசி இன்னிங்ஸில் எங்கள் பையனுக்கு அவுட் கொடுத்தார். அவர் அந்தப் பள்ளியின் ஆள்தானே?
– ஒரு தாய், ஃபிரிஸ்கோ

இல்லை, சகோதரி. பள்ளிகள் சொந்தமாக அம்பயர் வைத்துக்கொள்வதில்லை. நாங்கள் உள்ளூர் அம்பயர் சங்கத்தில் உறுப்பினர்கள். யார் எந்த ஆட்டத்துக்குப் போவது என்பதைச் சங்கத்தில் அதற்கென்று இருக்கிற ஒருவர் முடிவு செய்து ஆன்லைனில் அனுப்புவார். சொந்தப் பிள்ளை படிக்கிற பள்ளி, மனைவி பாடம் நடத்துகிற பள்ளி, தான் படித்த பள்ளி இவற்றுக்கெல்லாம் என்னை அனுப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே குறித்துவிடலாம். குறிக்கவும் வேண்டும்.

அதே அம்பயர் அடுத்த வாரம் உங்கள் பள்ளிக்கு வந்து உங்கள் கோச்சோடும் இப்படித்தான் சிரித்துப் பேசியிருப்பார். அன்று உங்கள் பையன் ஜெயித்திருந்தால் அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஏப்ரல் வெயிலில் மார்புக் கவசத்தோடு இரண்டு மணி நேரம் குனிந்து எழுகிறவன் யார் கொடுத்தாலும் தண்ணீர் குடிப்பான். அதை விடுங்கள். ஆனால் தோளில் கை போட்டது தேவையில்லாதது. கைகுலுக்கலோடு நிறுத்தியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்காத அசட்டை அது.

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் எங்களுக்குப் பணம் தருவது ஆட்டத்தை நடத்தும் பள்ளி. யார் ஜெயித்தாலும் தொகை ஒன்றுதான். அதனால் அந்தப் பணம் லஞ்சமாகாது. ஆனால் "அந்த ஆளை இனிமேல் அனுப்பாதீர்கள்" என்று ஒரு கோச் சங்கத்துக்குப் போன் செய்ய முடியும். சங்கத்துக்கும் பள்ளிகள்தான் வாடிக்கையாளர்கள். இளம் அம்பயருக்கு இது தெரியும். பெரிய பள்ளியின் முதல் அணி ஆட்டங்கள் வேண்டுமென்றால் யாருடைய மனம் கோணக் கூடாது என்பதும் தெரியும். ஒருவரும் வாய்திறந்து எதையும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அம்பயர்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்களும் ஆட்டம் ஒதுக்குகிறவர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் கூட்டங்களில் இதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கியதில்லை.

அந்தக் கடைசி அவுட்டுக்கு வருகிறேன். என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை; ஆகவே ஒரு உதாரணம். வழக்கமான ஆட்டங்களுக்கு அம்பயர் இரண்டே பேர். இரண்டாம் பேஸில் (ரன்னர் ஓடிப்போய்த் தொட வேண்டிய இடம்தான் பேஸ்) ஆள் இருந்தால், பேஸ்களைப் பார்க்கிற அம்பயர் பந்து வீசுகிற பிட்சருக்குப் பின்னால், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் ஆடுகிற ஷார்ட்ஸ்டாப் பக்கமாக நிற்பார். பந்து மூன்றாம் பேஸ்காரனிடம் போய், அவன் முதல் பேஸுக்கு எறிகிறான். அம்பயர் திரும்பி எழுபது எண்பது அடி தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். பந்தைப் பிடித்தவன் கால் பேஸில் இருந்ததா, ஒரு அங்குலம் விட்டுப் போனதா? அந்தக் கோணத்திலிருந்து பல நேரம் தெரியாது. தெரியாத இடத்தில்தான் கூட்டத்தின் சத்தம் உள்ளே நுழையும். மூன்றாவது அம்பயர் ஒருவர் இருந்தால் இந்தத் தகராறுகளில் நிறைய தீர்ந்துவிடும். சீசன் கடைசியில் வருகிற பிளேஆஃபில் அப்படித்தான் போடுகிறார்கள். மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு யார் பணம் கொடுப்பது?

மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரன் ஆட்டம் பார்க்கப் போனேன். ஒன்றும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் எல்லோரும் அம்பயரைத் திட்டினார்கள் என்று நானும் திட்டினேன். தப்பில்லையே?
– ஒரு தாத்தா, இர்விங்

எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், ஐயா? முதல் பேஸ் பக்கமோ மூன்றாம் பேஸ் பக்கமோ என்றால், பந்து உயரமா தாழ்வா என்று உங்களால் சொல்ல முடியும். ஆனால் 17 அங்குல அகலப் பிளேட்டின்மேல் பந்து போனதா, ஓரமாகப் போனதா என்பது அங்கிருந்து யாருக்கும் தெரியாது. பிளேட்டுக்கு நேர் பின்னால் வலையை ஒட்டி உட்கார்ந்தால் ஓரம் தெரியும், உயரம் தெரியாது. பள்ளி விதியில் ஸ்ட்ரைக் என்றால், முழங்காலுக்கும், தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள கோட்டுக்கும் இடையே பிளேட்டின் ஏதாவது ஒரு பகுதிக்கு மேலாகப் போகிற பந்து. பேட்டர் மட்டையைச் சுழற்றாமல் விட்டு, அப்படிப் போகாதது பால். அடுத்த முறை வலைக்குப் பின்னால் உட்காருங்கள். "ஓரமாகப் போச்சே" என்று மட்டும் திட்டுங்கள். உயரத்தைப் பற்றித் திட்டுகிற உரிமை பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு.

கிரிக்கெட்டில் நடுநிலை நாட்டு அம்பயர் வந்துவிட்டார். இங்கே ஏன் அப்படி இல்லை?
– ஒரு தந்தை, பிளானோ

1986ல் லாகூரில் நடந்த பாகிஸ்தான்–வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டுக்கு, இம்ரான் கான் விடாப்பிடியாக நின்று இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியையும் பீலூ ரிப்போர்ட்டரையும் வரவழைத்தார். உள்ளூர் அம்பயரால் ஜெயித்தார்கள் என்ற பேச்சு அவருக்கு அலுத்துப் போயிருந்தது. 1994ல் டெஸ்டுக்கு ஒருவர் வெளிநாட்டவர் என்று ஆனது, 2002ல் இருவருமே. நம் சென்னை வெங்கட்ராகவன் நாடு நாடாகப் போய் நின்றதும் இந்த ஏற்பாட்டில்தான்.

பள்ளி பேஸ்பாலில் நடுநிலை என்றால் யார்? பிளானோவும் ஆலனும் மோதினால், இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிறவர்தான் அம்பயர். லப்பக்கிலிருந்து ஒருவரை வரவழைத்தால் ஐந்து மணி நேரக் கார்ப் பயணத்துக்கும் சேர்த்துப் பள்ளி செலவழிக்க வேண்டும். சரி, வரவழைத்தோம் என்றே வையுங்கள். நடுநிலை ஊர்க்காரருக்கும் காது இருக்கிறதே!

இங்கிலாந்தில் நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்ற மூவர் 2002ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கால்பந்து நடுவர்கள் 40 பேருக்கு, லிவர்பூல்–லெஸ்டர் ஆட்டத்தில் வீரர்கள் மோதிக்கொண்ட 47 தருணங்களை டேப்பில் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, சிலருக்கு இரைச்சல் இல்லாமல். இரைச்சல் கேட்டவர்கள் உள்ளூர் அணிமேல் 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். கவனியுங்கள், வந்த அணியை அவர்கள் கூடுதலாகத் தண்டிக்கவில்லை. உள்ளூர் அணிக்கு எதிராக விசில் ஊதத்தான் தயங்கினார்கள். அவர்களில் யாரும் லிவர்பூலிடம் காசு வாங்கவில்லை. அவர்கள் மைதானத்தில்கூட இல்லை, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பேஸ்பாலிலும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பொருளாதாரப் பேராசிரியர் டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் பத்திரிகையாளர் ஜான் வெர்த்தைமும் அமெரிக்காவின் பெரிய தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் பந்துகளை எண்ணிப் பார்த்ததில், மயிரிழை பந்துகள் உள்ளூர் பேட்டருக்குச் சாதகமாகப் போவதும், ஆட்டத்தின் இக்கட்டான கட்டத்தில் அது கூடுவதும் தெரிந்தது. அம்பயரைக் கேமரா கண்காணித்த மைதானங்களில் இந்தச் சாய்வு காணாமல் போனது. ஆனால் எல்லாப் பழியையும் கூட்டத்தின் தலையில் போட்டுவிடவும் முடியாது. கொரோனா ஆண்டான 2020ல் ரசிகர்களே இல்லாத மைதானங்களில் லீக் ஆட்டங்கள் நடந்தன. உள்ளூர் அணிகளின் வெற்றி விகிதம் அப்போதும் குறையவில்லை.

அண்ணா, நான் செகண்ட் பேஸ் ஆடுகிறேன். ஹோம் டீமுக்கு விதியிலேயே சலுகை இருக்கிறதா?
– ஒரு மாணவன், கொப்பெல்

நிறைய, தம்பி. உன் அப்பா, அம்பயர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உண்மையான சலுகைகள் இந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கும்.

கடைசியாக பேட் செய்வது உள்ளூர் அணி. கடைசியான ஏழாவது இன்னிங்ஸில் எத்தனை ரன் வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஆடலாம். ஒரு ரன் போதுமென்றால் பந்தை மெல்லத் தட்டிவிடுகிற பண்ட் போடலாம். அங்கே போய் ஆடுகிற உங்களுக்கு அந்த வசதி கிடையாது. மைதானம் ஆடத் தகுதியாக இருக்கிறதா என்று ஆட்டம் தொடங்கும் வரை முடிவு செய்வதும் உள்ளூர் கோச். முதல் நாள் மழை பெய்து, அவருடைய நல்ல பிட்சருக்கு இன்னும் ஒரு நாள் ஓய்வு தேவைப்பட்டால் மைதானம் கொஞ்சம் கூடுதலாகவே ஈரமாகத் தெரியும். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் அந்த அதிகாரம் எங்களிடம் வரும்.

மைதானத்துக்கென்று உள்ள தனி விதிகளை, அதாவது வேலிக்குக் கீழே பந்து போனால் என்ன, கம்பத்தில் பட்டால் என்ன என்பதை, ஆட்டத்துக்கு முன் பிளேட்டில் கூடும்போது சொல்வதும் அவர்தான். உங்கள் கோச் ஒத்துக்கொள்ளாவிட்டால் அம்பயர் முடிவு செய்வார். பல கோச்சுகள் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு ஐந்தாவது இன்னிங்ஸில் சண்டைக்கு வருகிறார்கள்.

இன்னொன்று யாரும் கவனிக்காதது. அம்பயர் வேறு மாதிரி சொல்லாத வரை அவர்களுடைய ஸ்கோர்புக்தான் அதிகாரபூர்வமானது. கோச் பிட்சரிடம் பேச எத்தனை முறை போனார் என்பது அதில்தான் இருக்கும். மூன்று முறை போகலாம். நான்காவது முறை போனால் பிட்சரை மாற்றியாக வேண்டும். உங்கள் ஸ்கோர்புக் எழுதுகிற பெண்ணை ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்துபோய் அவர்கள் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்.

இதோடு மஞ்சள் பஸ்ஸில் வந்த களைப்பு, பழக்கமில்லாத தரை, எந்த இடத்தில் பந்து எகிறும் என்று தெரியாத குழப்பம். இத்தனை இருந்தும் மேஜர் லீக்கில் உள்ளூர் அணி ஜெயிப்பது நூற்றுக்கு 53, 54 தான். பிளேஆஃபில் எங்கே ஆடுவது என்று இரண்டு கோச்சுகளும் பேசி ஒத்துவராவிட்டால், டெக்சஸில் காசு சுண்டிப் போடுவார்கள். அந்தக் காசு எந்த அம்பயரையும்விடப் பெரிய ஆள்.

ரன்னரும் பந்தும் ஒரே நேரத்தில் வந்தால் ரன்னருக்குச் சாதகம் என்கிறார்களே?
– பலர்

அப்படி ஒரு வரி விதிப்புத்தகத்தில் இல்லை. அம்பயருக்கு இரண்டும் ஒரே நேரமாகத் தெரியாது; ஒன்று முன்னால் தெரியும். அதைச் சொல்வார்.

என் மகன் பிட்சர். அணியில் அவன் ஒருவன்தான் மாநிறம். அவன் போட்டால் பால், மற்றவன் அதே இடத்தில் போட்டால் ஸ்ட்ரைக். இதை உள்ளூர்ச் சலுகை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.
– ஒரு தாய் (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

உங்கள் கடிதத்தைச் சிரித்து ஒதுக்க மாட்டேன், அம்மா. ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த டேனியல் ஹாமர்மெஷ் உள்ளிட்ட நால்வர், 2004 முதல் 2008 வரையிலான மேஜர் லீக் பந்துகளை ஆராய்ந்து 2011ல் கட்டுரை வெளியிட்டார்கள். அம்பயரும் பிட்சரும் ஒரே இனமாக இருந்தால் ஸ்ட்ரைக் சற்றே அதிகம் விழுந்தது. அளவு சிறியது. ஆனால் எங்கே மறைந்தது என்று பாருங்கள்: கேமரா கண்காணித்த மைதானங்களில், கூட்டம் நிரம்பிய ஆட்டங்களில், பேட்டரின் கதையை முடிக்கிற பந்துகளில். பிறர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அம்பயர் கவனமாகிறார். பள்ளி ஆட்டத்தில் எங்களைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? சங்கத்திலிருந்து மதிப்பிட ஆள் வருவது அபூர்வம்.

ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிளேட்டுக்கு நேர் பின்னால் ஸ்டாண்டில் போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். பேட்டர் மட்டையைச் சுழற்றாத பந்துகளை மட்டும் எடுங்கள். இரண்டு அணி பிட்சர்களையும் எண்ணுங்கள். உங்கள் மகனை மட்டும் எண்ணினால் எல்லாம் அநியாயமாகவே தெரியும். பல அம்பயர்களிடம், பல ஆட்டங்களில் அதே சாய்வு தெரிந்தால் கோச்சிடம் கொண்டுபோங்கள். ஒரே அம்பயரிடம் மட்டும் தெரிந்தாலும் கொண்டுபோங்கள்.

ஒரு கோரிக்கையும் உண்டு. எங்கள் கூட்டங்களில் நம் ஆட்கள் மிகக் குறைவு. 2018–19க்குப் பிறகான சில ஆண்டுகளில் எல்லா விளையாட்டிலும் சேர்த்துச் சுமார் 50,000 பள்ளி நடுவர்கள் விலகிவிட்டதாகப் பள்ளி விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. காரணங்களில் பெரியது பெற்றோர்களின் வசவு. இடம் காலியாக இருக்கிறது. உங்கள் கணவரை அனுப்புங்கள்; நீங்களே வந்தாலும் சரி.

மெஷின் வந்தால் பிரச்சினை தீருமா?
– ஒரு வாசகர், ஆலன்

தென் கொரியாவின் தொழில்முறை லீக்கில் 2024 முதல் ஸ்ட்ரைக்கையும் பாலையும் கருவிதான் சொல்கிறது. மேஜர் லீக்கில் 2026 முதல், வீரர் தொப்பியைத் தட்டினால் அம்பயர் சொன்ன பந்தைக் கருவி மறுபரிசீலனை செய்யும். பள்ளிகளில் புல் வெட்டவே பணம் போதவில்லை.

புகார் கொடுப்பது எப்படி?
– ஃபிரிஸ்கோ தாயின் இரண்டாவது கடிதம்

இரண்டு வகை உண்டு. விதியைத் தப்பாகப் பிரயோகித்தார் என்றால் அங்கேயே, அடுத்த பந்து வீசுவதற்குள் கோச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் செல்லாது. பந்து ஸ்ட்ரைக்கா, ரன்னர் அவுட்டா என்பது அம்பயரின் தீர்ப்பு. அதை மாற்ற முடியாது. ஆனால் தொடர்ந்து ஒருவர் மோசமாகச் செய்கிறார் என்று சங்கத்துக்கு எழுதலாம். பெற்றோர் எழுதினால் படிக்க மாட்டார்கள். கோச்சோ பள்ளியின் விளையாட்டு இயக்குநரோ எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதட்டும். எந்த இன்னிங்ஸ், எத்தனை அவுட், எந்த பேஸில் ஆள், அம்பயர் எங்கே நின்றார், இவ்வளவு போதும். "ஆள் வாங்கப்பட்டவர்" என்ற வரி வந்தால் அந்தக் கடிதம் அதோடு முடிந்தது.

வீடியோ இணைத்தால் ஒலியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். மதிப்பிடுகிறவரும் எங்களைப் போன்றவர்தான், கூட்டத்தின் சத்தம் அவரையும் சாய்க்கும். உங்கள் வீடியோவில் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து யார் குரல் கேட்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.